சிட்னி துறைமுகத்தில் மீன்பிடிப் படகுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜூலை பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிட்னி துறைமுகத்துக்குள் படகில் மீன் பிடிக்கப் போனோம். 900 டாலர் போய்விட்டது. அது போனால் போகட்டும். அந்தப் படகுக்காரர் பையில் போட்டு எங்கள் கையில் கொடுத்தனுப்பிய மீனை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது எங்கே கூட்டிப் போகலாம் என்று தேடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதனால்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரையும் படகின் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே தூண்டில் போடுகிறவர். இங்கே வந்து மூன்று வாரம் ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் ரயிலில் ஹார்பர் பாலத்தைத் தாண்டும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு நாளாவது தூண்டி போடணும்லா" என்றார். அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன்.

கண்ணில் பட்ட விளம்பரம் இதுதான்: தனிப்படகு, ஆறு பேர் வரை, ஆறு மணி நேரம், தூண்டிலும் இரையும் அவர்களே தருவார்கள், பிடித்த மீனை வெட்டிச் சுத்தம் செய்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். படத்தில் கூரையும் கண்ணாடி அறையும் வைத்த நல்ல படகு. முன்னால் ஒருவர் பெரிய கிங்ஃபிஷ் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். நம் ஊரில் கிங்ஃபிஷ் என்றால் வஞ்சிரம், எங்கள் பக்கம் சீலா. இங்கே அந்தப் பெயரில் சொல்வது வேறு மீன், பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 65 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கவே கூடாது. குளிர்காலத்தில் துறைமுகத்துக்குள் பெரும்பாலும் மாட்டுவது கிளாத்தி, சில்வர் ட்ரெவலி என்கிற பாரை, பிரீம், கணவாய், அதிர்ஷ்டம் இருந்தால் ஜான் டோரி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் இருந்த மீன் மட்டும்தான்.

450 டாலர் முன்பணம் வங்கி வழியாக அனுப்பச் சொன்னார். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பில் கேட்டதற்கு "புக்கிங் உறுதி" என்று ஒரு வரிதான் வந்தது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தொழில் செய்கிறவருக்கு ஏபிஎன் என்ற தொழில் அடையாள எண் இருக்கும், அதை அரசின் இணையத்தளத்தில் காசில்லாமல் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

காலை 6.30க்குப் படகுத்துறையில் இருக்கச் சொன்னார். ஜூலையில் இங்கே ஏழு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். இருட்டில், மேற்கிலிருந்து வீசுகிற அந்த வறண்ட குளிர்காற்றில் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகன், நான் என்று ஐந்து பேரும் நின்றோம். படகு வந்தது 7.40க்கு. கூரை இல்லை, கண்ணாடி அறை இல்லை. அலுமினியத் திறந்த படகு, உள்ளே ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனிப்படகு என்றுதானே சொன்னீர்கள் என்றால், "பெரிய படகில் எஞ்சின் கோளாறு, இவர்களுக்கும் விடுமுறை, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்" என்றார். மீதி 450 டாலரை ரொக்கமாக வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் ஏறச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நின்ற அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.

உயிர்காப்பு அங்கி விஷயம்தான் இதில் ஆகப் பெரிய கோபம். இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரத்தோடு பூசணம் பிடித்துக் கிடந்தது. நாலைந்துதான் இருக்கும். அதில் ஒன்றின் வார் அறுந்திருந்தது. மகனுக்கு எங்கே என்று கேட்டேன். பெரியவர்கள் போடுவதையே எடுத்து அவன் தலை வழியாக மாட்டிவிட்டார். தோளுக்கு மேல் இரண்டு கை வைக்கிற அளவுக்கு இடைவெளி. தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே நிற்கும், பிள்ளை கீழே வழுக்கிப் போவான். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் சேர்த்து, அளவுக்குப் பொருந்துகிற அங்கி இருந்தாக வேண்டும். ஆள் விழுந்தால் என்ன செய்வது, அங்கியை எப்படிப் போடுவது என்று கிளம்பும் முன் பயணிகளுக்குச் சொல்ல வேண்டியதும் படகு நடத்துகிறவர் கடமை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பயணம் முழுக்க மனைவி மகனுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் தூண்டிலைத் தொடவே இல்லை.

சரி, எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, துறைமுக வாயிலில் அலை அதிகம், உள்பக்கம் அமைதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து மேற்கே திருப்பினார். பாலத்தின் அடிவயிற்றை என் மகன் படம் எடுத்தது 8.20க்கு. அடுத்த படத்தில் காக்கட்டூ தீவின் பழைய கப்பல் பட்டறைக் கிரேன்கள் தெரிகின்றன. அந்த இரண்டு படங்கள்தான் இப்போது என் புகாருக்கு ஆதாரம்.

நங்கூரம் போட்ட இடத்தில் மீன் கடித்தது, அதை மறைக்கவில்லை. அப்பா தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். ராடும் ரீலும் கையில் இருந்தாலும் அவருக்கு விரல்தான் பேசும். அரை மணி நேரத்தில் நான்கு பிரீம். மகன் ஒன்று பிடித்தான். அது என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம். அதைத் தண்ணீரில் விடப் போனவனிடமிருந்து படகுக்காரர் வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். "ஏல, இது குஞ்சுல்லா, இத எதுக்கு எடுக்கான்?" என்று அப்பா என்னைப் பார்த்தார். பிரீம் 25 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம் என்பது இங்குள்ள சட்டம். அப்பாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் குஞ்சு எது என்று தெரியும்.

அப்புறம் அவர் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். படகிலேயே பலகையைப் போட்டு எல்லா மீனையும் முள்ளெடுத்துச் சதையாக வழித்தார். தலை, எலும்பு, தோல் எல்லாம் கடலுக்குள். எங்களுக்குச் செய்கிற சேவை என்றுதான் அப்போது நினைத்தேன். அளவுக் கட்டுப்பாடு உள்ள மீனைத் தண்ணீரிலோ கரையோரத்திலோ அப்படிச் சதையாக வெட்டக் கூடாது, குடலெடுத்துச் செதில் உரிப்பதோடு நிறுத்த வேண்டும். மீனின் நீளத்தை அதிகாரிகள் அளக்க வேண்டுமே, அதற்காகத்தான் அந்த விதி. வெட்டிய பிறகு குஞ்சு எது, பெரியது எது என்று யார் சொல்ல முடியும்? பரிசோதனை வந்திருந்தால் அந்தப் பை இருந்தது என் கையில்.

11.15க்கு எரிபொருள் தீர்கிறது என்று கரைக்குத் திருப்பிவிட்டார். ஆறு மணி நேரம் என்றது மூன்றரை மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது. இறங்கும்போது இரண்டு பைகளை நீட்டி, "இன்றைக்கே சமையுங்கள், இதைவிடப் புதிய மீன் சிட்னியில் கிடைக்காது" என்றார். அந்த வார்த்தை அப்படியே என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவே புளி கரைத்து, தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தார். அம்மா நான்கு துண்டை மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தாள். ஒன்றை மகன் கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஊதி ஊதித் தின்றான். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இந்தத் துறைமுகத்தில் தூண்டில் போடுகிறவர். கிண்ணத்தை வாங்கும் முன் கேட்டார்: "எங்க தம்பி பிடிச்சனீங்கள்? பாலத்துக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?" காக்கட்டூ தீவுப் பக்கம் என்றேன். அவர் கை நின்றுவிட்டது. "ஐயோ, அதைச் சாப்பிடக் கூடாது தம்பி. ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. ஆகவே இங்கே நான் சொல்கிறேன். பாலத்துக்கு மேற்கே ரோட்ஸ், ஹோம்புஷ் விரிகுடாப் பக்கம் பல பத்தாண்டுகள் ரசாயன ஆலைகள் இருந்தன. அவற்றின் கழிவிலிருந்த டையாக்சின் என்ற நச்சு துறைமுகத்தின் அடிச் சேற்றில் படிந்து, புழுவுக்கும் இறாலுக்கும் போய், அங்கிருந்து மீனின் கொழுப்பில் சேர்கிறது. 2006இல் சிட்னி துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடலாம். ஆனால் ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிட வேண்டாம், தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள் என்பது அரசின் அறிவுரை. பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததுகூடப் பொதுவாக மாதத்துக்கு 150 கிராம்தான், அதாவது ஒரே ஒரு வேளைத் துண்டு. சமைத்தால் டையாக்சின் அழியாது. மேற்குக் கரையோரம் இதற்கு எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். படகில் போகிறவன் கண்ணில் அவை படுவதில்லை. தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்க வாரா வாரம் ஹோம்புஷ் போகிறோம், அதன் பெயரிலேயே இருக்கிற விரிகுடாவின் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குழம்பை அப்பாதான் கொட்டினார். சட்டியைப் பின்பக்கம் எடுத்துப் போய் ஒரு பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு, திரும்பி வந்து சட்டியை இரண்டு முறை தேய்த்தார். யாரிடமும் பேசவில்லை. மறுநாள் மகனை டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஒரு துண்டால் ஒன்றும் ஆகாது, இது நாள்பட உடம்பில் சேர்வதைப் பற்றிய எச்சரிக்கை என்று அவர் சொன்ன பிறகுதான் மனைவி சரியாக மூச்சுவிட்டாள்.

படகுக்காரருக்கு எழுதினேன். முதல் பதில்: பாலத்துக்கு மேற்கே மீன் பிடிப்பது சட்டப்படி சரி. அது உண்மைதான், பிடிக்கலாம். அதை வெட்டிக் கொடுத்து இன்றைக்கே சமை என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. உங்கள் உரிம எண் என்ன என்று கேட்டேன். அத்தோடு என் போன் எண்ணை முடக்கிவிட்டார். வங்கியிலும் கேட்டுப் பார்த்தேன். நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் திருப்ப முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் வாதாட ஒரு வழியாவது இருந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு ரசீதே கிடையாது.

இனிப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் போனில் கேளுங்கள்: பாலத்துக்கு எந்தப் பக்கம் போவீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. வாயிலில் அலை இருந்தால்கூடப் பாலத்துக்குக் கிழக்கே மிடில் ஹார்பர் மாதிரி ஒதுக்கமான இடங்கள் இருக்கின்றன. நேராகப் பதில் சொன்னால், மாநில மீன்வளத் துறையின் வாடகை மீன்பிடிப் படகு உரிமமும், ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் இயக்கச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள். வணிகப் படகுக்கு அந்த ஆணையம் கொடுக்கிற அடையாள எண் எங்கள் படகில் எங்கேயும் இல்லை, மகன் எடுத்த படங்களைப் பெரிதாக்கித் தேடிவிட்டேன். மீன்பிடிக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில், சில விலக்குகள் தவிர, 18 வயது நிரம்பியவர்கள் கட்ட வேண்டும். மூன்று நாளுக்கு 7 டாலர், வருடத்துக்கு 35. சில படகுகளில் விலக்குச் சான்றிதழ் இருக்கும், அதில் பயணிகள் தனியாகக் கட்ட வேண்டாம். "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று வாயால் சொன்னால் போதாது, சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தை இருந்தால் அதன் எடையைச் சொல்லி அங்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், ஏறும் முன் போட்டுப் பாருங்கள்.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டு அண்ணன் எங்களைக் கிளிஃப்டன் கார்டன்ஸ் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார். அது பாலத்துக்குக் கிழக்கே. ஆளுக்கு 7 டாலர் கட்டணம், கணவாய்க்கு ஒரு தூண்டில். சாயங்காலம் ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. அப்பாவுக்கு ஒரே ஒரு கணவாய் மாட்டியது, மை பீய்ச்சி அண்ணனுடைய செருப்பெல்லாம் கறுப்பு. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தபோதுதான், அந்தப் படகில் மூன்றரை மணி நேரமும் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்து எண் வாங்கிவிட்டேன். மீன்வளத் துறைக்கும் கடல்சார் ஆணையத்துக்கும் படங்களோடு எழுதியிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. இதற்கிடையில், செப்டம்பர் விடுமுறைக்கென்று ஒரு விளம்பரம் போன வாரம் வந்திருக்கிறது. வேறு பெயர், விலை 50 டாலர் குறைவு. படம் மட்டும் அதேதான்: கூரை வைத்த படகு, முன்னால் கிங்ஃபிஷ்ஷை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த அதே ஆள்.