ஓஷியானோ மணலில் என் டியூன் பக்கி: சில ஆண்டு அனுபவம்

கடற்கரை மணலில் ஓட்டுவதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும், பெரிய இன்ஜின் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளுக்கு வந்து பார்க்க வேண்டும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள புதிய பிக்அப் ஒன்று அச்சு வரை புதைந்து நிற்கும். அதைச் சுற்றி நான்கு பேர் மண்வெட்டியுடன் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடிப்பாகத்தில் ஃபைபர்கிளாஸ் உடலை ஏற்றிய ஒரு டியூன் பக்கி (மணல்மேடுகளில் ஓட்டும் சிறிய, இலகுவான வண்டி), பின்சக்கர இழுவையை மட்டும் வைத்துக்கொண்டு மேடேறிப் போய்விடும். மணல் குதிரைத்திறனை மதிப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. என் வண்டி ஏறத்தாழ 650 கிலோ. இன்ஜின் பின்னச்சுக்குப் பின்னால் தொங்குவதால் அந்த எடையில் பெரும்பகுதி இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்காருகிறது. முன்பக்கம் ஏறக்குறைய காலி. இந்த ஏற்பாட்டின் நன்மையும் தொல்லையும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் புரூஸ் மேயர்ஸ். படகு கட்டியவர், அலைச்சறுக்கு வீரர். படகுத் தொழிலில் பழகிய ஃபைபர்கிளாஸை வைத்து 1964இல் மேயர்ஸ் மான்க்ஸ் என்ற தன் முதல் பக்கியை உருவாக்கினார். 1967இல் அவரும் டெட் மாங்கெல்ஸும் அதே வண்டியில் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, அதுவரை மோட்டார்சைக்கிள் வைத்திருந்த நேரத்தை முறியடித்தார்கள். அதன்பின் நாடெங்கும் நகல்கள் முளைத்தன. காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார். 1971இல் நிறுவனத்தை மூடும் நிலை வந்தது. என்னிடம் இருப்பதும் அந்தக் காலத்து நகல்களில் ஒன்றுதான். அசல் மான்க்ஸ் இன்று சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டது. அந்த விலை கொடுத்து வாங்கியதை உப்புக்காற்றில் ஓட்ட எனக்கு மனம் வராது. நகலுக்கு அந்தக் கவலை இல்லை. உடல்தான் நகல், அடியில் இருப்பது அசல் பீட்டில்: நீளத்தில் சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டி ஒட்டிய தரைத்தகடு, 1600 சிசி காற்றுக்குளிர் இன்ஜின், நான்கு கியர்.

ஓஷியானோவில் கடற்கரையில் வண்டி ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டு. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் இது அரிது. சாலைப் பதிவு உள்ள வண்டியாக இருந்தால் பையர் அவென்யூ முடிவில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அப்படியே இறங்கிவிடலாம். பதிவில்லாத மணல் வண்டிகளை டிரெய்லரில் ஏற்றி, கடற்கரையில் எண்ணிட்டு நட்டிருக்கும் கம்பங்களில் இரண்டாம் எண் கம்பத்தைத் தாண்டிய பிறகே இறக்க வேண்டும். கடற்கரைப் பகுதியில் மணிக்கு 15 மைல்தான் வேகம். மணல்மேட்டுப் பகுதிக்குள் தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் கொடியை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எதிர்ச்சரிவில் ஏறிவரும் வண்டி கண்ணில் படுவதற்கு முன் அதன் கொடிதான் தெரியும். மார்ச் முதல் செப்டம்பர் வரை தெற்குப் பகுதியில் ஒரு பெரும் பரப்பை வேலியிட்டு விடுகிறார்கள்; பிளவர் என்ற சிறு கரைப்பறவை வெறும் மணலில் முட்டையிடும் காலம் அது. வேலியைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் அதிகம். அந்த முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும்; டயருக்கு அது தெரியாது. வேலி இருக்கட்டும்.

டயரில் தொடங்குகிறேன். நான் செலவழித்த பணத்தில் கொஞ்சமும் வருந்தாத இடம் அதுதான். சாலையில் பின் டயருக்கு 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கிறேன். மணலில் இறங்கும் முன் அதை எட்டுக்குக் குறைப்பேன். டயரின் அடி அகன்று, மணலைக் கிழிக்காமல் அதன்மேல் படிந்து போகும். எட்டுக்கும் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் பயம் உண்டு, குறிப்பாகத் திருப்பங்களில். துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட மணல் டயர்கள் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் அவை தாரில் சில மைல்களிலேயே தேய்ந்துவிடும், ஈரமான கெட்டி மணலில் வண்டியைக் குலுக்கி எடுக்கும். வீட்டிலிருந்து ஓட்டியே வருபவனுக்கு அவை சரிப்படாது. முன்னால் ஒல்லியான, நடுவில் ஒரே ஒரு புடைத்த வரி ஓடும் டயர் போதும். அகலமான முன் டயர் படத்தில் அழகாக இருக்கும், மணலில் திரும்பாது. திரும்பும் வழியில் காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸர் எப்போதும் வண்டியில் இருக்கிறது. எட்டு பி.எஸ்.ஐ.யில் நெடுஞ்சாலை ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் துணிவைப் பாராட்ட முடியவில்லை.

மணலில் முன்சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. எடை இல்லாத சக்கரம் மணலை உழுதுகொண்டு நேராகவே போகும். அதற்காகத்தான் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரட்டைக் கைப்பிடி ஒன்று இருக்கிறது: இடது கைப்பிடி இடது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும், வலது கைப்பிடி வலதை. ஒரு சக்கரத்தைப் பிடித்துவிட்டு மற்றதைச் சுழலவிட்டால் வண்டி நின்ற இடத்தில் வளைகிறது. பழகிய பின் ஸ்டியரிங்கைவிட இதைத்தான் கை முதலில் தேடுகிறது. இது இல்லாத வண்டியை வாங்கினால் முதல் வேலையாகப் பொருத்திவிடுங்கள்.

மற்றபடி ஓட்டும் முறை சாலைக்கு நேர் எதிரானது. வண்டியை நிறுத்துவதற்காகப் பிரேக்கை மிதிக்கக் கூடாது. டயருக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே மதிலாகிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டாலே மணல் வண்டியை நிறுத்திவிடும். எங்கு நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு சரிவில் கீழ்நோக்கி இருக்கட்டும். ஓஷியானோவில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால் மேடுகளின் கடல் பக்கம் சாய்வாகவும் கெட்டியாகவும் இருக்கும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் கோணத்தில், முப்பது பாகைக்கும் மேலே, செங்குத்தாக இறங்கும். ஏறும்போது உச்சியைத் தாண்டிப் பறக்க நினைப்பவர்களுக்குத்தான் மருத்துவமனை. உச்சிக்குச் சற்றுக் கீழே வளைந்து, முகட்டோடு ஒட்டி ஓடி, மறுபக்கம் பார்த்த பிறகு இறங்க வேண்டும். இறங்குவதென்றால் நேராக, பக்கவாட்டில் இறங்கினால் குட்டையான வண்டி உருண்டுவிடும். போன வாரம் இருந்த சாய்வு இந்த வாரம் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். காற்று ஒவ்வொரு வாரமும் வரைபடத்தை மாற்றுகிறது.

மணலில் சிக்கினால் ஆக்சிலரேட்டரை அழுத்துவது புதைகுழி தோண்டுவதற்குச் சமம். வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பக்கியில் பெரும்பாலும் அது போதும். போகாவிட்டால் இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். அந்த பிக்அப் காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி பராமரிப்பு. மணலைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், அது நியாயம்தான். கார்புரேட்டருக்குப் போகும் காற்றை எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் வழியாக, முடிந்தவரை உயரத்திலிருந்து எடுக்கிறேன். அதன்மேல் ஒரு துணி உறையும் உண்டு. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் உறையைக் கழற்றி உதறிப் பார்த்தால், எவ்வளவு மணல் சிலிண்டருக்குள் போயிருக்க வேண்டியது என்று தெரியும். இந்த இன்ஜினுக்கு எண்ணெய் இரண்டரை லிட்டர்தான். ஃபில்டர் இல்லை, ஒரு கம்பி வலை மட்டுமே. அதனால் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு வெகு முன்னதாகவே மாற்றுகிறேன். இரண்டரை லிட்டரின் விலை, ஒரு கிராங்க் பேரிங்கின் விலைக்கு முன்னால் கணக்கில் வராது. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் இடம்) 0.15 மில்லிமீட்டர், இன்ஜின் முற்றிலும் குளிர்ந்த பிறகு பார்க்க வேண்டும். மூன்றாம் சிலிண்டரை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன். பழைய விசிறிக் கூட்டில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நிற்கிறது. கூலரின் இதழ்களுக்கிடையில் எண்ணெயும் மணலும் கலந்து அப்பிக்கொண்டால் முதலில் வேகுவது அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல், இன்ஜின் சூடாகிறது என்று பெரிய கூலர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், மணல் எனக்கு இரண்டாம் எதிரிதான். அது கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும், துடைத்தால் போகும். உப்பு அப்படி இல்லை. அலை விளிம்பில் நீரைப் பீறிட அடித்தபடி ஓட்டும் படங்கள்தான் இந்த வண்டிகளுக்கு விளம்பரம். அந்தப் படத்துக்குக் கொடுக்கும் விலை மாதங்கள் கழித்துத் தெரியவரும்: பேட்டரித் தட்டுக்கு அடியில் தகடு அப்பளமாக உடைந்து வரும், பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய் புள்ளி புள்ளியாக அரிக்கும், முன்சக்கரங்களைத் தாங்கும் பீமுக்குள் துரு நீர் தேங்கும். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது என்பதால் வெளியிலிருந்து பார்க்க வண்டி பளபளவென்றே இருக்கும். அடியில் நடப்பதை அந்தப் பளபளப்பு மறைத்துவிடுகிறது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: இந்த இன்ஜினின் வெளிக்கூடு மெக்னீசியக் கலவை. இரும்பு போல்ட்டும் மெக்னீசியமும் சேரும் இடத்தில் உப்புநீர் நின்றால் அரிக்கப்படுவது மெக்னீசியம்தான். போல்ட்டை மாற்றலாம், கூட்டை மாற்றுவது வேறு கணக்கு.

தண்ணீரைத் தொடாமல் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. கோடையில் இந்தக் கரையை மூடும் மூடுபனி உப்பைச் சுமந்து வருகிறது. ஒரு இரவு கரையில் முகாமிட்டால், அசையாமல் நின்ற வண்டியின் ஒவ்வொரு இணைப்பிலும் உப்புப் படிந்திருக்கும். ஆகவே வீடு வந்ததும் மேலே கழுவுவதில் நேரம் வீணாக்காமல், புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவியை வண்டிக்கு அடியில் வைத்து நீண்ட நேரம் ஓடவிடுகிறேன். உயர் அழுத்த நீர்ப் பம்பு வேண்டாம். அது மணலை பேரிங் சீலுக்குள்ளும் கேபிள் குழாய்க்குள்ளும் தள்ளிவிடும். இன்ஜின் குளிர்ந்த பிறகுதான் நீர். பின், காய்வதற்காக வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி வருவேன். அந்தச் சுற்றில் பிரேக்கைச் சில முறை அழுத்தமாக மிதித்தால் டிரம்முக்குள் இருக்கும் ஈரமும் போகும்.

டிரம் பிரேக்குகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. மணல் உள்ளே போகும், வெளியே வராது. உரசும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான். பின் டிரம்மை எடுக்க 36 மில்லிமீட்டர் நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பானரின் பிடியில் மாட்ட நீண்ட குழாயும், நல்ல முதுகும் உள்ளவர்கள் தொடங்கலாம். முன் பேரிங்குகளுக்கு ஆண்டுதோறும் புது கிரீஸ், பின் அரையச்சை மூடும் ரப்பர் உறையில் கிழிசல் இருந்தால் அன்றே மாற்றம். கிளட்ச் கேபிள் ஒன்று எப்போதும் இருக்கைக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது.

மின்சாரத்தில் ஒரு விசித்திரம். சாதாரணக் காரில் உடலே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எல்லாவற்றையும் ஒரே திருகில் கட்டி வைத்திருந்தார். அந்தத் திருகில் உப்பு ஏறியதும் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஒயரிங் முழுவதையும் உருவிப்போட்டு, சாலிடர் செய்து, இணைப்புகளில் மின் கிரீஸ் தடவிய பிறகு தொல்லை இல்லை. இந்த வண்டியில் நான் செய்த வேலைகளில் மிகவும் சலிப்பூட்டியதும் மிகவும் பயன்பட்டதும் இதுதான்.

பக்கிக்காரர்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் அறிவுரை, இன்ஜினைப் பெரிதாக்கு என்பது. இரட்டைக் கார்புரேட்டர், பெரிய பிஸ்டன், குரோம் பூசிய டப்பாக்கள். நான் செய்யவில்லை. ஒவ்வொரு கூடுதல் குதிரைத்திறனும் கூடுதல் சூடு. காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினுக்கு அந்தச் சூட்டைப் போக்க இடமில்லை. குரோம் பூசிய தகடு சூட்டை வெளியே விடுவதில் கறுப்பு வண்ணத் தகட்டைவிட மோசம். கரையோரத்தில் அதன் அழகும் ஒரு பருவம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குட்டையான சக்கர இடைவெளியால் நெடுஞ்சாலையில் வண்டி பதறுகிறது. பக்கத்தில் லாரி போனால் ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூரை இல்லை, கதவு இல்லை, ஹீட்டர் பெயருக்குக்கூட இல்லை. மணலில் பெட்ரோல் சாலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு போகிறது. என் மனைவி இரண்டு முறைக்கு மேல் ஏற மறுத்துவிட்டாள், காதுக்குள் மணல் போகிறது என்கிறாள். மறுக்க முடியாத வாதம்.

பழைய பக்கி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்க்க வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பேட்டரி இருக்கும் மூலை, தரைத்தகட்டை வெட்டி ஒட்டிய வெல்டிங் கோடு, பின்னால் டார்ஷன் குழாய் (பின்சக்கர ஸ்பிரிங் தண்டுகள் உள்ளே இருக்கும் குழாய்) சட்டத்தோடு சேரும் இடம் ஆகிய மூன்றையும் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். குத்தவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அதேதான்.