மலிவு விலை உரிமச் சாவிகள்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஈரோட்டில் நான்கு கணினிகளுடன் சிறியதொரு ஜிஎஸ்டி கணக்கு அலுவலகம் நடத்தி வருகிறேன். 2020 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரை இணைய மறுவிற்பனையாளர்களிடம் மொத்தம் எட்டு மென்பொருள் உரிமங்களை வாங்கினேன். மைக்ரோசாப்டின் விண்டோஸுக்கு நான்கு, ஆபீஸுக்கு நான்கு. எட்டுக்கும் சேர்த்து நான் கொடுத்த தொகை 4,600 ரூபாய். இன்று அவற்றில் உயிரோடு இருப்பவை இரண்டு. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் பாராட்டுரைகளைப் படித்துத்தான் நானும் வாங்கினேன் என்பதால், ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு என்ன ஆனது என்பதை எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

வாங்கியதற்கான காரணம் எளிமையானது. எங்கள் கணினிகளில் மூன்று விண்டோஸ் 7 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்திருந்தது. விண்டோஸ் 10 ப்ரோவின் அமெரிக்கப் பட்டியல் விலை 199 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் 14,000 ரூபாய்க்கு மேல். ஊரடங்கால் கட்டண வரவு பாதியாகக் குறைந்திருந்த அந்த ஆண்டில் மூன்று கணினிகளுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் செலவிட என்னால் இயலவில்லை. இணையத்தில் அதே பதிப்பின் சாவி 450 ரூபாய்க்குக் கிடைத்தது, மூன்று வாங்கினேன். பணம் செலுத்தும்போது கைப்பேசிக்கு ஓடிபி வராமலேயே அட்டையிலிருந்து தொகை எடுக்கப்பட்டது; வெளிநாட்டு வணிகர் என்பதால் அப்படி நடக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சில நிமிடங்களில் இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட சாவி மின்னஞ்சலில் வந்தது. மூன்றில் ஒன்றைக் கணினி ஏற்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் மாற்றுச் சாவி அனுப்பினார்கள். அந்த அளவில் அவர்களது சேவை நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அந்த வெற்றி தந்த துணிவில், 2021 ஜனவரியில் ஆபீஸ் 2019 ப்ரொபெஷனல் பிளஸ் சாவிகள் இரண்டை, ஒன்று 700 ரூபாய் வீதம் வாங்கினேன். இணையம் வழியே செயலாக்க (ஆக்டிவேட் செய்ய) முயன்றபோது, இந்தச் சாவி அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. விற்பனையாளர் தொலைபேசி வழிச் செயலாக்கத்தைப் பரிந்துரைத்தார். திரையில் தோன்றும் 63 இலக்கங்களைத் தெரிவித்து, பதிலுக்குக் கிடைக்கும் 48 இலக்கங்களை உள்ளிட வேண்டும். அப்படிச் செய்ததும் இரண்டு கணினிகளிலும் ஆபீஸ் திறந்துகொண்டது. ப்ரொபெஷனல் பிளஸ் என்ற பதிப்பு தனிநபருக்குக் கடையில் விற்கப்படுவதே அல்ல. நிறுவனங்களுக்குத் தொகுப்பு ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்படுவது. ஒரே சாவியை இத்தனை கணினிகளில் செயலாக்கலாம் என்ற எண்ணிக்கையோடு ஏதோ ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது, எவர் வழியாகவோ வெளியேறி, என்னைப் போன்ற பலருக்குச் சில்லறையாக விற்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை தீர்ந்துவிட்டதாக வந்த அந்த அறிவிப்பே அதற்குப் போதிய சான்று. அன்று அதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

ஒருமுறை செயலாக்கிய கணினியில் ஆபீஸ் தொல்லையின்றி ஓடியது. ஆனால் 2022 தொடக்கத்தில் ஒரு கணினியின் வன்தட்டு பழுதாகி, புதியது மாற்றி மறுபடி நிறுவியபோது அதே சாவி முடக்கப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. விற்பனையாளரின் தளமே அப்போது இல்லை. மற்றொரு சாவியும் வேறு கணினிக்கு மாற்ற முயன்றபோது இப்படியே போனது. விண்டோஸ் சாவிகளில் ஒன்று, 2023இல் மதர்போர்டு மாற்றியதும் செல்லாததாயிற்று. அது கணினி தயாரிப்பாளர் வழியாக வழங்கப்படும் ஓஇஎம் வகைச் சாவி, முதலில் பதிவான மதர்போர்டோடு கட்டுண்டது. இந்த மூன்று நிகழ்வுகளிலிருந்தும் நான் அறிந்துகொண்டது இதுதான்: மலிவுச் சாவியின் ஆயுள் என்பது அந்த ஒரு நிறுவலின் ஆயுள். வன்பொருள் பழுதாகும் வரை எல்லாம் சரியாகவே தோன்றும். நாம் வாங்கியது உரிமையா, வேறொருவரது அனுமதியின் நிழலா என்பது பழுதாகும் நாளில்தான் தெரியவரும்.

இவையெல்லாம் பணத்தோடு முடிந்த இழப்புகள். 2021 செப்டம்பரில் 900 ரூபாய்க்கு வாங்கிய 'ஆயுட்கால ஆபீஸ் 365' அப்படிப்பட்டதல்ல. சாவிக்குப் பதிலாக ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பினார்கள். ஐந்து கருவிகளில் பயன்படுத்தலாம், ஒன்டிரைவ் என்னும் இணையச் சேமிப்பிடமும் உண்டு என்றார்கள். பயனர் பெயரின் பின்பாதியில் நான் கேள்விப்பட்டிராத ஒரு முகவரி இருந்தது. மாதமோ ஆண்டோ சந்தா கட்டிப் பெறும் ஒரு சேவைக்கு ஆயுட்காலம் எப்படி இருக்க முடியும் என்ற கேள்வியை நான் அப்போதே எழுப்பியிருக்க வேண்டும். அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கமைப்புக்குள் எனக்காக உருவாக்கப்பட்ட உறுப்பினர் கணக்கு. அதன் நிர்வாகி நினைத்தால் என் கடவுச்சொல்லை மாற்றலாம், கணக்கை நீக்கலாம், சேமித்திருக்கும் கோப்புகளையும் எட்டலாம்.

2022 ஜூலை 19 மாலை அந்தக் கடவுச்சொல் செல்லாமல் போனது. மறுநாள் ஜூன் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர் 3பி என்னும் மாதாந்திர வரிப் படிவத்துக்குக் கடைசி நாள். எக்செல் கோப்புகளைப் பார்க்க முடிந்தது, அச்சிட முடிந்தது, ஓர் எண்ணைக்கூடத் திருத்த முடியவில்லை. எங்கள் ஒப்பீட்டுத் தாள்கள் பெரும்பாலும் எக்செலுக்குள் எழுதப்படும் மேக்ரோ என்னும் தானியங்கிக் கட்டளைகளால் ஆனவை என்பதால், இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்தும் அவை இயங்கவில்லை. நண்பரின் அலுவலகத்திலிருந்து இரவில் ஒரு மடிக்கணினியைக் கடன் வாங்கி, விடியும்வரை அமர்ந்து முடித்தோம். தாமதமானால் ஒரு வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதைவிட, நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தவர்களுக்கு என் சிக்கனத்தால் ஓர் அபராதம் வந்தது என்று சொல்ல நேர்ந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

படிவங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, கோப்புகள் திரும்பவில்லை. தேவைப்படும்போது மட்டும் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததால், இரண்டு மாதங்களுக்கான கொள்முதல் பட்டியல்களின் படிகள் இணையச் சேமிப்பிடத்தில் மட்டுமே இருந்தன. அவற்றோடு வாடிக்கையாளர்களின் பான் எண்களும் வங்கி விவரங்களும் முகம் தெரியாத ஒருவரது பொறுப்பில் தங்கிவிட்டன. பட்டியல்களை மறுபடி கேட்டு வாங்குவதற்காக ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த விவரங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை என்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த எட்டு உரிமங்களில் என்னை உண்மையாகவே வருத்துவது இது ஒன்றுதான்.

அந்த அவசரத்தில் 600 ரூபாய்க்கு வேறோர் இடத்தில் ஆபீஸ் 2021 வாங்கியது அடுத்த பிழை. இந்த முறை விற்பனையாளரின் ஆள், தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலி வழியாக என் கணினிக்குள் வந்து, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லி, கருப்புச் சாளரத்தில் சில கட்டளைகளைத் தட்டினார். இருபது நிமிடம் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்தது கேஎம்எஸ் என்னும் முறை. பெரிய நிறுவனங்கள் தமக்குள்ளே ஒரு வழங்கியை (சர்வரை) வைத்துக்கொண்டு தம் கணினிகளைச் செயலாக்குவதற்காக உருவானது இது. அந்த வழங்கி இயங்கத் தொடங்கவே ஆபீஸுக்கு ஐந்து கணினிகளும் விண்டோஸுக்கு இருபத்தைந்து கணினிகளும் வேண்டும். செயலாக்கம் 180 நாட்களுக்கே செல்லும், அதற்குள் கணினி வழங்கியைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். என் கணினி எங்கோ இருந்த ஒரு வழங்கியை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. அது மறைந்தபின் ஆறு மாதத்தில் ஆபீஸின் தலைப்புப் பட்டை சிவந்தது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருந்த கணினி என்பதால், அதை முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். அதற்கு மூன்று நாட்கள் பிடித்தன.

எட்டாவது சாவியை எனக்காக வாங்கவில்லை. மஞ்சள் மண்டி நடத்தும் பெரியவர் ஒருவர் பில் போடுவதற்குப் புதிய கணினி வாங்கியிருந்தார். 2023 அக்டோபரில் அவருக்காக 350 ரூபாய்க்கு ஒரு விண்டோஸ் சாவியை நானே வாங்கிக் கொடுத்தேன். "தம்பி, இதுக்கு பில்லு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அந்தச் சாவியைக் கணினி ஏற்கவே இல்லை. பழைய விண்டோஸ் 7, 8 சாவிகளைக் கொண்டு புதிய பதிப்புகளைச் செயலாக்கும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் மூடியிருந்தது. எனக்கு விற்கப்பட்டது அப்படியொரு பழைய சாவி என்பதை, அது விண்டோஸ் 7க்கு உரியது என்று விற்பனையாளரே பின்னர் ஒப்புக்கொண்டதால் அறிந்தேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். உள்ளூர்க் கடையில் முழு விலை கொடுத்துப் பெரியவருக்கு உரிமம் வாங்கித் தந்தேன், ஜிஎஸ்டி பில்லோடு. அந்த 18 விழுக்காடு வரி அவருக்கு உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைத்தது. பில் இல்லாத எட்டு உரிமங்களில் எனக்கு அந்த வரவு ஒருபோதும் கிடைத்ததில்லை என்பதை, ஊருக்கெல்லாம் வரிக் கணக்குப் பார்க்கும் நான் கணக்கில் கொள்ளவே இல்லை.

விற்பனைத் தளங்கள் பல, மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்வது சட்டப்படி சரியே என்று ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டும். அப்படியொரு தீர்ப்பு உண்டு. ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2012 ஜூலை 3 அன்று வழங்கப்பட்டது. ஆனால் முதலில் வாங்கியவர் தம்மிடம் உள்ள படியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்க வேண்டும் என்பதையும், பல பயனர்களுக்கான தொகுப்பு உரிமத்தைப் பிரித்து விற்க முடியாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தீர்ப்பு என்பது ஒருபுறம் இருக்க, பலருக்குப் பிரித்து விற்கப்பட்ட சாவிக்கு அங்கேயே அது துணை நிற்காது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தம் சாவியின் தன்மையை அறிய ஒரு வழி உண்டு. கட்டளைச் சாளரத்தில் எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) என்ற கட்டளையை டிஎல்ஐ (/dli) என்ற தெரிவோடு கொடுத்தால் விண்டோஸ் உரிமம் எந்த வழியில் வந்தது என்று காட்டும்: சில்லறை, ஓஇஎம், தொகுப்பு. எக்ஸ்பிஆர் (/xpr) என்ற தெரிவு, காலாவதி நாள் இருந்தால் அதைக் காட்டும். காலாவதி நாள் ஒன்று தென்பட்டால், உங்களுக்கு விற்கப்பட்டது நிரந்தர உரிமம் அல்ல.

இப்போது அலுவலகத்தில் புதிய கணினிகள் இரண்டு, தயாரிப்பாளரே நிறுவித் தந்த விண்டோஸோடு இருக்கின்றன. அவற்றில் ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்பைப் பில்லோடு வாங்கி நிறுவியுள்ளோம்; மடிக்கணினிகளோடு இலவசமாக வந்துகொண்டிருந்த ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் இல்லை என்பதால் அதைத் தவிர்த்தோம். கடிதங்களுக்கும் எளிய பட்டியல்களுக்கும் லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதுகிறது, தமிழ் யூனிகோடும் அதில் நன்றாகவே தெரிகிறது. 450 ரூபாய்ச் சாவிகளில் மிஞ்சிய இரண்டும் பழைய கணினிகளில் இன்னும் செயலாக்கப்பட்ட நிலையிலேயே உள்ளன. அந்தக் கணினிகள் விண்டோஸ் 11 ஏற்காதவை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இரண்டையும் இணையத்திலிருந்து துண்டித்து, பழைய ஆண்டுகளின் கணக்குகளைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.