மாயன் காலண்டர் சுவர்த் தட்டு: ஒரு காலண்டர் வியாபாரி வாங்கிப் பார்த்தது

தங்கச்சிமடத்தில் எனக்கு நோட்டுப் புத்தகக் கடை. ஜூனில் நோட்டு, டிசம்பரில் காலண்டர். கல்லா நிறைவது இந்த இரண்டு பருவத்தில்தான். சென்னையில் இருக்கும் மகன் "மாயன் காலண்டர்" என்று ஒரு சுவர்த் தட்டை இணையத்தில் வாங்கிப் பிறந்தநாளுக்கு அனுப்பியபோது, அதைப் பரிசாகப் பார்க்கவே தோன்றவில்லை. போட்டிச் சரக்காகத்தான் பார்த்தேன். விலை 849 ரூபாய்.

பொருள் என்னவோ பார்க்க அம்சமாக இருக்கிறது. ஒன்றேகால் அடி விட்டம், மரத்தூள் பலகை, மேலே பித்தளை நிறப் பூச்சு. நடுவில் நாக்கை நீட்டிய ஒரு முகம். அதைச் சுற்றி இருபது சின்னங்கள் கொண்ட வளையம், அதற்குள் ஒன்று முதல் பதின்மூன்று வரை புள்ளியும் கோடுமாக எண்கள் பதித்த சின்னச் சக்கரம். இரண்டையும் கையால் திருப்பலாம்.

முதல் கோளாறு அந்த முகத்தில்தான். அது நடு அமெரிக்காவின் பழங்கால மக்களான மாயர்களுடையதே அல்ல. மெக்சிகோ நகரின் பெரிய சதுக்கத்தில் 1790ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த, அஸ்டெக் என்ற வேறொரு மக்களின் சூரியக் கல் அது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலம், 24 டன் எடை. இப்போது அந்த நகரத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாயர்களின் ஊர்கள் அங்கிருந்து கிழக்கே, யுகாத்தான் தீபகற்பத்தின் பக்கமும் குவாத்தமாலாவிலும். மீனாட்சியம்மன் கோபுரத்தை அச்சடித்துக் கீழே பூரி ஜெகந்நாதர் என்று போட்டு என் கடையில் விற்றால் வாங்கினவர் சும்மா விடுவாரா? அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காளி படமாப்பா?" என்று கேட்டார். தட்டைச் செய்தவர்களின் தவறைவிட அது ஒன்றும் பெரிதில்லை.

சக்கரங்கள் மட்டும் எனக்குப் பிடித்துப்போயின. காலையில் கடை திறந்து தாளைக் கிழித்த கையோடு இரண்டையும் ஒரு பல் நகர்த்துவேன். பதின்மூன்று முடிந்து மறுநாள் எண் ஒன்றுக்குத் திரும்பிவிடும். சின்னமோ பதினான்காவதற்குப் போகும். அதே எண்ணும் அதே சின்னமும் மறுபடி சேர 260 நாளாகும். நம் ஊரில் கிழமை ஏழும் நட்சத்திரம் இருபத்தேழும் தனித்தனியே ஓடுவது போலத்தான். இதோடு 365 நாள் கணக்கு ஒன்றையும் மாயர்கள் வைத்திருந்தார்கள்: இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதம், கடைசியில் ஐந்து நாள் ஒட்டு. இரண்டு கணக்கும் தொடங்கிய இடத்தில் மறுபடி சந்திக்க 52 ஆண்டு. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. குவாத்தமாலாவின் மலையூர்களில் அந்த 260 நாளை இன்றும் எண்ணுகிறார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் உள்சக்கரம் இறுகிவிட்டது. உப்புக்காற்று. வடக்கே பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணை, தெற்கே ஆண் கடல் என்னும் மன்னார் வளைகுடா, நடுவில் எங்கள் ராமேஸ்வரம் தீவு. பூட்டே இங்கே ஓராண்டு தாங்காது. பின்பக்கத் திருகாணி நான்கும் துருவேறி, பூச்சில் பச்சையாகப் பொட்டுப் பொட்டாக வந்துவிட்டது. "கடலோர ஊருக்கு ஆகாது" என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி கையேடு. பதினாறு பக்கம், தமிழ் என்று சொல்லிக்கொள்கிறது. 2012 டிசம்பர் 21 அன்று உலகம் முடியும் என்று மாயர்கள் கல்லில் வெட்டிவைத்தார்களாம். அந்த நாள் வந்து போய்விட்டதே என்று கேட்போமல்லவா? பதினான்காம் பக்கத்தில் பதில் இருக்கிறது: அழிவு அன்றே தொடங்கிவிட்டது, மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது! சரக்கு விற்கத் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறார்.

உண்மைக் கணக்கு இதைவிடச் சுவையானது. இருபது நாள் ஒரு வினால். பதினெட்டு வினால் ஒரு தூன், அதாவது 360 நாள். இருபது தூன் ஒரு கத்தூன். இருபது கத்தூன் ஒரு பக்தூன், 1,44,000 நாள். அப்படிப் பதின்மூன்று பக்தூன் நிறைந்த நாள்தான் 2012 டிசம்பர் 21. தொடக்கம் கி.மு. 3114 ஆகஸ்ட் 11. நம் பழைய வானியல் நூல்களான சித்தாந்தங்களின் கணக்கில் கலியுகம் பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரி. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகூட இல்லை! ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்கள் இவ்வளவு அருகருகே கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்து ஒரு மத்தியானம் முழுக்கக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த 2012 தேதியைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று தொர்த்துகேரோ என்ற இடத்தில் கிடைத்தது. பாதி சிதைந்தது. ஒரு தெய்வம் வந்து இறங்குவதாகச் சொல்லும் அதில் உலக அழிவு பற்றி எதுவும் இல்லை. பலெங்கே நகரத்துக் கல்வெட்டோ, அவர்களுடைய அரசர் பக்காலின் பெயரைச் சொல்லி கி.பி. 4772 வரைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

2012 இங்கே எப்படிப் போனது என்று கேட்டால் என்னிடம் சாட்சிக்குக் கடன் நோட்டு இருக்கிறது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளிவரும். வழக்கம்போல முன்பணம் கட்டிவிட்டேன். டிசம்பர் பிறந்ததும் தொலைக்காட்சியில் தினமும் மாயன்தான். விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர், வேளாங்கண்ணி மாதா படம் போட்டு நூற்றைம்பது காலண்டருக்குச் சொல்லியிருந்தவர், "அண்ணே, இருபத்தொன்று தாண்டட்டும், மீதியைத் தருகிறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பணம் கைக்கு வரவில்லை. இருபத்தொன்று வெள்ளிக்கிழமை, நவமி. அந்தத் தாளைக் கிழிக்கும்போது எனக்கும் விரல் கொஞ்சம் தயங்கியது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை டிசம்பர் 22. தனுஷ்கோடிக்காரர்களுக்கு அது வேறு தேதி. 1964இல் அந்த இரவில்தான் புயல் வந்தது. பாம்பனிலிருந்து போன பயணி ரயில் அலையில் போனது, ஊர் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று பிறகு அரசே அறிவித்தது. அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. தம்பியின் அரைஞாண் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மணல்மேட்டில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். கையேட்டில் அழிவு பற்றிய பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "காற்று எந்தப் பக்கமிருந்து என்று போட்டிருக்கிறானா?" என்றார். போடவில்லை. "கூண்டு ஏற்றினார்களா?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னத்தை எழுதினான்" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

காலண்டராகவும் இது உதவவில்லை. கடலுக்குப் போகிறவர் என் கடைச் சுவரில் பார்ப்பது அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது, அட்டமி நவமி எப்போது என்றுதான். நீரோட்டம் எப்படியிருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். இந்தத் தட்டில் நிலாவே இல்லை. மாயர்கள் நிலாக் கணக்கிலும் வெள்ளிக் கோள் கணக்கிலும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள அவர்களுடைய ஓலைப் புத்தகம் போன்ற மடிப்பேடே சாட்சி. அதையெல்லாம் விட்டுவிட்டு நீட்டிய நாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்துக்கு இரண்டு தருகிறேன். ஒன்று சக்கரத்துக்கு, மற்றொன்று மகன் அனுப்பியதற்கு. தேங்காய் எண்ணெய் விட்டு உள்சக்கரத்தை இளக்கிவிட்டேன், இப்போது சுற்றுகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் கடைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது; முந்நூறு ரூபாய்க்குத் தருகிறேன், கையேடு இலவசம். ஆணி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.