சாய்ந்தால் பூட்டிக்கொள்ளும் வார்: மோட்டார்ஹோம் இருக்கை மாற்றி மூன்று ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தன் அண்ணன் வைத்திருக்கும் மோட்டார்ஹோமுக்கு, அதாவது படுக்கையும் சாப்பாட்டு மேசையும் உள்ள வீட்டு வண்டிக்கு, தோள்வாரோடு (சீட் பெல்ட்) கூடிய இருக்கைகள் போடலாமா என்று சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். அங்கேயே இருக்கும் என் கொழுந்தனாரின் வண்டியில் அவற்றைப் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் நாங்கள் அதில்தான் சுற்றுகிறோம்.

பழைய இருக்கையைக் கழற்றிய அன்று நான் பட்டறையில் இருந்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்தது மெத்தை போட்ட மரப்பெட்டி. இடுப்பு வாரின் திருகாணி ஒட்டுப்பலகையைத் துளைத்துக்கொண்டு போய், 50 காசு அகலமுள்ள ஒரு வளையத்தில் முடிந்திருந்தது. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரம் எட்டாத பிள்ளையை உரிய இருக்கையில்லாமல் காரில் ஏற்ற மாட்டோம். அங்கே போனதும் இந்தப் பெட்டியில்தான் மகனை உட்கார வைத்திருந்தோம்.

காரில் தோள்வாரின் மேல்முனை பக்கத்துத் தூணில் இருக்கும். மோட்டார்ஹோமின் பின்பகுதியில் அப்படிப்பட்ட தூண் இல்லாததால் வாரின் மூன்று முனைகளையும் இருக்கையே தாங்குகிறது; மோதலின்போது சாய்மானத்தின் உச்சியில் விழும் இழுப்பு, நெம்புகோல் போல இருக்கையின் கால்களைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். இருக்கை வார்களின் பிடிமானங்களுக்கான ஐநா 14ஆம் விதிமுறையின் கார் சோதனையில் தோள்பகுதியில் மட்டும் 13,500 நியூட்டன், அதாவது 1,300 கிலோவுக்கும் அதிகமான எடைக்கு நிகரான விசையில் இழுக்கிறார்கள். ஆகவே தண்ணீர்த் தொட்டியை நகர்த்தி, அடிச்சட்டத்தோடு எஃகுக் குறுக்குச் சட்டங்களை இணைத்து, பொறியாளர் பார்த்துச் சான்று தந்த பிறகே இருக்கைகள் ஏறின. செலவில் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத இந்த இரும்புக்கே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. பெர்த்திலிருந்து ஆல்பனி நகருக்குப் போகும் வழியில் கங்காரு குறுக்கே பாய்ந்து கொழுந்தனார் பிரேக்கை மிதித்தபோது மகனின் தோள் வாரில் நின்றது. அவன் நெற்றிக்கு நேரே மேசை விளிம்பு இருந்தது.

என் கோபம் வாரைச் சுருட்டி வைத்திருக்கும் சுருள்பெட்டியின்மீது. சாய்மானத்துக்குள் இருக்கும் அதில் ஒரு சிறு உருண்டை, சாய்வை உணர்ந்து வாரைப் பூட்டுகிறது. வண்டியின் வேகம் சட்டெனக் குறையும்போதும் கவிழும்போதும் பூட்டுவதற்காக வைத்த அந்த உருண்டைக்கு, இடுப்புவலிக்காரரான என் மாமனார் சாய்மானத்தை இரண்டு படி தாழ்த்துவதும் கவிழ்வதாகவே படுகிறது. சாய்வுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு சில இருக்கைகளில் உண்டு. எங்களுடையதில் இல்லை, விற்றவரும் சொல்லவில்லை. நிமிர்த்தி, வாரை இழுத்து, மாட்டி, பிறகு சாய்த்தால் தண்ணீர்ப் புட்டியை எடுக்கக்கூடக் குனிய முடியாது. "வரமாட்டேங்குதும்மா" என்று மாமா சொல்வதும், நான் எழுந்து போய் நெம்புவதும் ஆல்பனி வரையிலான 400 கிலோமீட்டரிலும் ஓயவில்லை. ஆல்பனியின் யார்க் தெரு இறக்கத்தில் நிறுத்தியிருந்தால் நிமிர்ந்த இருக்கையிலும் வார் வராது.

ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குமேல் எடை, இரவில் படுக்கையாக விரியாது என்பவை சின்னக் குறைகள்.

தோழியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவள் வியந்து, "அப்புறம் நீங்க ஏன் இன்னும் கழற்றல?" என்றாள். கழற்ற நான் விடமாட்டேன். ஆனால் இந்த ஜூனில் மாமாவின் கொக்கியில் மாட்டிய என் கட்டைவிரல் நகம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது.