குவாட்டா, பெலானா? மூனு எடத்துல கால நீட்டிப் பார்த்த அனுபவம்

ஹைப்பர்மார்க்கெட்ல கேஷியர் லைன் சூப்பர்வைசர் வேலை எனக்கு, ஒரு ஷிஃப்டுக்கு 9 மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கணும், ராத்திரி வீட்டுக்கு வந்து ஷூவ கழட்டுனா உள்ளங்கால் ரெண்டும் திகுதிகுன்னு எரியும். அதனால ரிஃப்ளெக்சாலஜி, அதாவது பாதத்த எடம் எடமா அமுக்கி விடுற மசாஜ், எனக்கு ஆடம்பரம் கெடையாது, சம்பளம் வந்ததும் கரண்ட் பில் மாதிரி அதுக்கும் ஒரு தொகை எடுத்து வச்சுருவேன். இந்த வருஷம் மூனு விதமான கைக்கு கால் கொடுத்துப் பார்த்தாச்சு: கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்ல ஒரு சீன கடை, பிரிக்பீல்ட்ஸ்ல கண் தெரியாத அண்ணன் ஒருத்தர் வேலை பாக்குற எடம், ஸ்கூல் லீவுல தாய்லாந்து ஹாட்யாய் போனப்ப அந்த ஊர்க்காரங்க கடை ஒன்னு. கடை பேர் எதுவும் போடல, ஏன்னா நேத்து இருந்த ஆள் இன்னிக்கு அங்க இருக்க மாட்டாங்க, நான் பேசப்போறது கையப் பத்திதான்.

முதல்ல புக்கிட் பிந்தாங். ஏர்கான், சாஞ்சு படுக்குற சோபா, வாளியில வெதுவெதுன்னு தண்ணி, சுவத்துல பெரிய பாதம் படம் போட்டு கலர் கலரா ஈரல் எங்க, கிட்னி எங்கன்னு குறிச்சிருக்கும். 45 நிமிஷத்துக்கு 45 வெள்ளி (மலேசிய ரிங்கிட்ட நாங்க அப்படித்தான் சொல்வோம்). கிரீம் தடவுனதுமே ஆரம்பிச்சிருவாங்க, ஆள்காட்டி விரல மடக்கி அந்த நடு மூட்டால ஊனி சர்ருன்னு இழுப்பாங்க பாருங்க, அதுதான் இவங்க முறை. இது தைவான்ல இருந்து பரவுன வழி. தைதுங் பக்கம் இருந்த ஃபாதர் ஜோசப்னு ஒரு சுவிஸ் பாதிரியார், தன்னோட மூட்டுவலிக்கு கால அமுக்கிப் பார்த்து கொறஞ்சதுனால ஊருக்கே சொல்லிக் கொடுத்தாரு. சீனக் கடைன்னு நாம சொல்றதுக்கு பின்னாடி ஒரு வெள்ளைக்கார சாமியார் இருக்காருன்னு தெரிஞ்சப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

உக்காந்த ரெண்டாவது நிமிஷத்துல அந்த ஆள் கேட்டாரு, "குவாட்?" அதாவது பலமா அமுக்கட்டுமான்னு மலாய்ல. நான் என்ன சொல்லியிருக்கணும்? பெலான் பெலான், மெதுவா போங்கன்னு சொல்லியிருக்கணும். ஆனா 45 வெள்ளி கொடுக்குறோமே, மெதுவா தடவிட்டு விட்டா காசு வேஸ்டாயிருமேன்னு கௌரவமா தலைய ஆட்டிட்டேன். அவ்வளவுதான், பெருவிரல் அடியில மூட்ட வச்சு ஒரு குத்து, நான் சோபாவுல இருந்து அரை அடி எழும்பிட்டேன். "தூக்கம் பத்தல"ன்னாரு மலாய்ல. அட ஆமா, எப்படி கண்டுபிடிச்சாருன்னு ஆச்சரியப்பட்டேன், பத்து நிமிஷம் கழிச்சு பக்கத்து சோபாவுல இருந்த டூரிஸ்ட் கத்துனதும் அவருக்கும் தூக்கம் பத்தலன்னுதான் சொன்னாங்க. மறுநாள் பாதத்தோட வளைவுல நீலம் பாரிச்சுப் போச்சு, ரெண்டு நாள் நொண்டிக்கிட்டே கேஷியர் லைன்ல நின்னேன். தப்பு பாதி என்னோடது, ஒத்துக்குறேன். ஆனா அந்த ஆள் ஒரு தடவகூட என் மூஞ்சிய பாக்கல, எதுத்தாப்ல டிவியில ஓடுன சீரியலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்கயும் போகல. கூட வேலை பாக்குற அக்காதான் "பிரிக்பீல்ட்ஸ் போய் பாருடி"ன்னாங்க. அங்க பார்வையற்றவங்க மசாஜ் ரொம்ப காலமா இருக்கு, 1951-ல ஆரம்பிச்ச மலேசிய பார்வையற்றோர் சங்கமும் அந்த ஏரியாலதான், ரோட்டோரம் மஞ்சள் கலர்ல மேடு மேடா நடைபாதை ஓடு பதிச்சிருப்பாங்க, அதுமேலயே மோட்டார் பைக்க நிறுத்திட்டு போற மகராசன்களும் அங்கதான் இருக்காங்க. நான் போன எடம் மாடியில, படி செங்குத்து, ஃபேன் கடகடன்னு சத்தம், படுக்குற பெஞ்சு கட்டாந்தரை மாதிரி இருக்கு, ஏர்கான் எதிர்பாத்து போறவங்க தயவுசெஞ்சு போகாதீங்க. ஒரு மணி நேரம் 60 வெள்ளி.

அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். குவாட்டா பெலானான்னு எதுவும் கேக்கல. ரெண்டு கையாலயும் ரெண்டு பாதத்தையும் பிடிச்சு சும்மா கொஞ்ச நேரம் வச்சிருந்தாரு, எனக்கு ஒரு மாதிரி சங்கடமா இருந்துச்சு, என்னடா இது ஆரம்பிக்கவே மாட்டேங்குறாரேன்னு. அப்புறம் கணுக்கால மெதுவா சுத்தி, இடது கையால விரல்கள பின்னாடி லேசா சாய்ச்சு பாதத்த விரிச்சு வச்சுக்கிட்டாரு, வலது கை பெருவிரல் முனை மட்டும் மடங்கி நிமிந்து, மடங்கி நிமிந்து, கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி குதிகால்ல இருந்து மேல வந்துச்சு. அமெரிக்காவுல யூனிஸ் இங்ஹாம்னு ஒரு அம்மா 1930-கள்ல பாதத்த எடம் எடமா பிரிச்சு உருவாக்குன வழியில வர்ற கை இது. கொஞ்சம்கூட வழுக்கல, ஏன்னா எண்ணெயோ கிரீமோ எதுவும் போடல, கொஞ்சம் பவுடர் மட்டும்.

எனக்கு புரிஞ்சது அந்த இடது கைதான் விஷயம்னு. புக்கிட் பிந்தாங்ல இடது கை என் கால ஓடிப்போயிராம பிடிச்சு வச்சிருந்துச்சு, அவ்வளவுதான் அதோட வேலை. இங்க இடது கை தாங்கிக்கிட்டு இருக்கு, வலது கை அமுக்குற நேரத்துல இடது கை பாதத்த கொஞ்சம் அதுமேல கொண்டுவந்து கொடுக்குது, ரெண்டும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி. இறுகிப் போன எடம் வந்தா அவரு கூட்டி அமுக்கல, விரல அங்கயே நிறுத்திட்டாரு, நான் மூச்ச விடுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் உள்ள எறங்குனாரு. கடைசில பாத்தா அந்த சீன கடை அளவுக்கே ஆழமா போயிருக்காரு, ஆனா நான் ஒரு எடத்துலகூட துள்ளல. எப்படிண்ணே வலிக்குதுன்னு தெரியுதுன்னு கேட்டேன். "நீ சொல்றதுக்கு முன்னாடி உன் விரல் சுருங்கிரும்மா, வாய் பொய் சொல்லும், நான் வாயக் கேக்குறதில்ல"ன்னாரு. குவாட்டுக்கு தலையாட்டுன என்னையே சொன்ன மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து இதே மாதிரி என் வீட்டுக்காரர் கால்ல செஞ்சு பார்த்தேன், அஞ்சே நிமிஷத்துல என் பெருவிரல் மூட்டு விட்டுப்போச்சு. விரல நேரா நீட்டி குத்துனா அப்படித்தான் ஆகும்னு அடுத்த தடவ போனப்ப அண்ணன் சொல்லிக் கொடுத்தாரு, முனை மூட்டு மடங்கியே இருக்கணும், பலம் தோள்ல இருந்து வரணுமாம்.

ஹாட்யாய் பத்தி சீக்கிரம் சொல்லிடுறேன். அங்க ஒரு மணி நேரம் 300 பாத், கால கழுவி விட்டு, தைலம் போட்டு, முட்டி வரைக்கும் செய்வாங்க, கெண்டைக்கால உள்ளங்கையால நீவி விட்டது சொர்க்கம், நான் ஒரு எடத்துல குறட்டையே விட்டுட்டேன்னு மகன் சொன்னான். பிடிக்காதது அந்த சின்ன மரக்குச்சிதான். பாதத்துல புள்ளி புள்ளியா குச்சியால குத்துறாங்க, கைக்குன்னா காலோட இறுக்கம் தெரியும், கட்டைக்கு என்ன தெரியும்? அந்த அக்கா கை பழகுன கைங்கிறதால தப்பிச்சேன், புதுசா வந்த பொண்ணுகிட்ட மாட்டுன என் நாத்தனார் பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. குச்சி வேணாம்னு கைய ஆட்டிக் காட்டுனா விட்டுருவாங்க, கூச்சப்படாதீங்க.

இன்னொன்னு, கடை சுவத்துல இருக்குற அந்த பாதம் படத்துல வலது கால்ல ஈரல், இடது கால்ல இதயம்னு போட்டிருக்கறத நம்பி வியாதிக்கு வைத்தியம்னு யாரும் போயிராதீங்க. உடம்ப பத்து கோடா பிரிச்சு 1917-ல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதுனதுதான் இதுக்கெல்லாம் வேர், பாதத்துல ஒரு புள்ளிய அமுக்குனா கிட்னி சரியாகும்னு ஆராய்ச்சியில நிரூபணம் ஆகல. எனக்கு கெடைக்கறது எரிச்சல் கொறையுது, அன்னிக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருது, அதுக்கு காசு கொடுக்கலாம். முக்கியமா இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்து கால் மரத்துப் போனவங்க இந்த குவாட் விளையாட்டுக்கே போகாதீங்க, வலி தெரியாத கால்ல எவ்வளவு அமுக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது, புண்ணாகிட்டா லேசுல ஆறாது.

எனக்கு இப்ப பிரிக்பீல்ட்ஸ்தான், பெஞ்சுக்கு வீட்டுலருந்து ஒரு தலகாணி எடுத்துட்டு போறேன். வர்ற சனிக்கிழமை 4 மணிக்கு ஃபோன் போட்டு எடம் சொல்லி வச்சாச்சு. அம்மாவையும் கூட்டிட்டு வரவாண்ணே, அவங்களுக்கு இனிப்பு நீர் இருக்குன்னு கேட்டேன். கூட்டிட்டு வாம்மா, தோள் மட்டும் பிடிச்சு விடுறேன், கால் வேணாம்னுட்டாரு.