இகேஎஸ் கிளஸ்டரில் பேக்கப்: வெலேரோவா, கேஸ்டனா?

அமேசானின் இகேஎஸ்ஸில் (கன்டெய்னர்களை இயக்கும் குபர்நெட்டிஸை நடத்தித் தரும் சேவை) பேக்கப் போட வேண்டும் என்றதும் பேச்சு நேராக மென்பொருளின் வசதிகளுக்குப் போய்விடுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாள் இடறுவது ஒரே இடத்தில்தான்: ஸ்டோரேஜும் அனுமதிகளும் தயாராக இருக்காது.

வெலேரோ திறந்த மூல மென்பொருள். 2017-இல் ஹெப்டியோ நிறுவனம் ஆர்க் என்ற பெயரில் வெளியிட்டது. 2019-இல் பெயர் மாறியது. வேலை எல்லாம் கமாண்ட் லைனில்தான். கேஸ்டன் வணிக மென்பொருள். 2020-இல் வீம் வாங்கியது. டாஷ்போர்டு, பாலிசி, அறிக்கை எல்லாம் கூடவே வரும்.

ஸ்டோரேஜ் தயாரா?

ஆட்டோ மோட் (கிளஸ்டரின் பெரும்பகுதியை அமேசானே கவனிக்கும் முறை) இல்லாத இகேஎஸ்ஸில், அமேசானின் டிஸ்க் சேவையான இபிஎஸ்ஸைக் கிளஸ்டருடன் இணைக்கும் சிஎஸ்ஐ டிரைவர் தானாக வராது. ஆட்-ஆனாகச் சேர்த்து, அதற்கென ஒரு ஐஏஎம் ரோலும் (அமேசானின் அனுமதித் தொகுப்பு) கொடுக்க வேண்டும். 1.30 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் கிளஸ்டர்களில் டீஃபால்ட் ஸ்டோரேஜ் கிளாஸும் (எந்த வகை டிஸ்க் உருவாக்குவது என்ற வரையறை) கிடையாது. வெலேரோவுக்கு இது உடனே தெரியாது, ஏனென்றால் அது தனக்கென்று வால்யூம் எதுவும் கேட்பதில்லை. கேஸ்டன் கேட்கும். கேட்டலாக், ஜாப்ஸ், லாகிங் என்று தன் பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் 20 ஜிபி பிவிசி (வால்யூம் கேட்கும் கோரிக்கை) உருவாக்கும். டீஃபால்ட் கிளாஸ் இல்லையென்றால் கேட்டலாக் பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) பெண்டிங்கிலேயே நிற்கும். பிவிசியை டிஸ்க்ரைப் செய்து பார்த்தால், கடைசி வரியில் ஸ்டோரேஜ் கிளாஸ் குறிப்பிடப்படவில்லை என்று இருக்கும். ஹெல்ம் சார்ட்டை (இன்ஸ்டால் தொகுப்பு) அழித்துத் திரும்பப் போட்டால் இது சரியாகாது. ஜிபி3 என்ற இபிஎஸ் டிஸ்க் வகையில் ஒரு கிளாஸ் உருவாக்கி, அதற்கு டீஃபால்ட் குறி போட்டுவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். பைண்டிங் மோட், முதல் பாட் வரும்வரை காத்திருக்கும் வகையாக இருக்கட்டும். உடனடி பைண்டிங் வைத்தால் வால்யூம் ஒரு ஏஇசட்டிலும் (அமேசானின் டேட்டா சென்டர் மண்டலம்) இடமுள்ள நோட் (கிளஸ்டரின் சர்வர்) இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளும். இபிஎஸ் வால்யூம் ஏஇசட் தாண்டாது.

அடுத்தது, வால்யூமின் அந்தக் கணத்து நகலான ஸ்னாப்ஷாட்டை எடுக்க வைக்கும் ஸ்னாப்ஷாட் கண்ட்ரோலர். அஷூரின் ஏகேஎஸ்ஸிலும் கூகுளின் ஜிகேஇயிலும் இது கிளஸ்டருடனேயே வரும். இகேஎஸ்ஸில் நீங்கள்தான் ஆட்-ஆனாகப் போட வேண்டும். சிஆர்டிகள் (ஸ்னாப்ஷாட் என்ற பொருளின் வரையறைகள்) மட்டும் இருந்து கண்ட்ரோலர் இல்லாத நிலை மிகவும் ஏமாற்றும்: வால்யூம் ஸ்னாப்ஷாட் உருவாகும், பிழை எதுவும் வராது, ஆனால் ஸ்டேட்டஸ் காலியாகவே கிடக்கும்.

வால்யூம் ஸ்னாப்ஷாட் கிளாஸையும் கையால் உருவாக்க வேண்டும். இங்கே இரண்டு மென்பொருளும் பிரிகின்றன. வெலேரோ தனக்குரிய கிளாஸை ஒரு லேபிளை வைத்துக் கண்டுபிடிக்கும். கேஸ்டன் ஒரு அனோட்டேஷனை வைத்து. ஒன்றின் குறியை மற்றதன் இடத்தில் போட்டால் கிளாஸ் கண்ணில் படாது. டெலீஷன் பாலிசியை ரிட்டெய்ன் என்று வையுங்கள். டெலீட் என்றிருந்தால், யாரோ நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஆப்களைப் பிரித்து வைக்கும் பகுதி) அழிக்கும்போது அதிலிருக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போய்விடும். அந்த ஸ்னாப்ஷாட் தேவைப்படுவதே அப்படிப்பட்ட நாளில்தான். (ஏகேஎஸ் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ஸ்னாப்ஷாட்டுகள் இயல்பாக நோடுகளின் ரிசோர்ஸ் குரூப்பில் போய் விழும். கிளஸ்டரை அழித்தால் அந்த குரூப்பும் அழியும்.)

இந்தச் சரிபார்ப்பில் கேஸ்டன் ஒரு படி மேல். பிரைமர் என்ற ஸ்கிரிப்ட் இன்ஸ்டாலுக்கு முன்பே ஓடி, எந்த டிரைவர் ஸ்னாப்ஷாட் எடுக்கும் என்று சொல்லிவிடும். ஸ்டோரேஜ் கிளாஸ் பெயரைக் கொடுத்தால் உண்மையாகவே ஸ்னாப்ஷாட் எடுத்து மீட்டும் பார்க்கும். வெலேரோவில் அந்த வேலையை நீங்களே ஒரு சின்ன சோதனை நேம்ஸ்பேஸ் வைத்துச் செய்ய வேண்டும்.

அனுமதி

அதிக நேரம் விழுங்குவது இதுதான். இகேஎஸ்ஸில் சர்வீஸ் அக்கவுண்ட் (பாட்டின் அடையாளம்) வழியாக ஐஏஎம் ரோல் கொடுக்கும்போது, நேம்ஸ்பேஸும் அக்கவுண்ட் பெயரும் டிரஸ்ட் பாலிசியில் (ரோலை யார் ஏற்கலாம் என்ற விதி) எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். வெலேரோவைக் கமாண்ட் லைனில் இன்ஸ்டால் செய்தால் அக்கவுண்டின் பெயர் வெறும் வெலேரோ. ஹெல்ம் வழியாகப் போட்டால் டீஃபால்ட் பெயரின் கடைசியில் ஹைஃபனும் சர்வரும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வழிக்கு எழுதிய பாலிசியை மற்றதற்குப் பயன்படுத்தினால், பேக்கப் ஸ்டோரேஜ் லொக்கேஷன் ‘அன்அவைலபிள்’ என்று நிற்கும். பக்கெட் (பேக்கப் சேரும் எஸ்3 கிடங்கு) பெயர் தவறோ, ரீஜியன் தவறோ என்று தேடிக்கொண்டிருப்போம்; காரணம் அந்த ஒரு சொல்லாக இருக்கும். கேஸ்டனிலும் இதே விதிதான், ஆனால் அக்கவுண்ட் பெயர் அதற்குரியது.

எஸ்3 பாலிசியில் லிஸ்ட் பக்கெட் அனுமதியை பக்கெட்டின் மீதும், கெட், புட், டெலீட் அனுமதிகளைப் பக்கெட் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு உள்ளிருக்கும் ஆப்ஜெக்ட்களின் மீதும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் பாதி வேலை செய்யாது. சிஎஸ்ஐ வழியில் ஸ்னாப்ஷாட் எடுப்பது இபிஎஸ் டிரைவரின் ரோல் என்பதையும் மறக்க வேண்டாம். டிஸ்க்குகளை உங்கள் சொந்த கேஎம்எஸ் (அமேசானின் என்கிரிப்ஷன் சாவிச் சேவை) சாவியால் பூட்டியிருந்தால், அந்தச் சாவிக்கான அனுமதியும் டிரைவரின் ரோலுக்கே வேண்டும்.

டேட்டா எங்கே போகிறது

அதே அமேசான் அக்கவுண்டில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்பி பேக்கப் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த அக்கவுண்ட் தவறான கைக்குப் போனால் எல்லாமே போகும். ஆகவே டேட்டா வேறு அக்கவுண்டில் உள்ள பக்கெட்டுக்கு வெளியேற வேண்டும். கேஸ்டனில் பாலிசியில் எக்ஸ்போர்ட்டை இயக்கினால் போதும். வெலேரோவில் 1.12 முதல் ஸ்னாப்ஷாட்டை நகர்த்தும் வசதி உண்டு. அதற்கு நோட் ஏஜெண்ட் டெமன்செட் (ஒவ்வொரு நோடிலும் ஒரு பாட்டாக ஓடுவது) வேண்டும். டெயிண்ட் (பாட்களைத் தடுக்கும் குறி) போட்ட நோடுகளில் டாலரேஷன் (அதற்கான விலக்கு) கொடுக்காவிட்டால் ஏஜெண்ட் ஏறாது.

இஎஃப்எஸ் (அமேசானின் பகிர் கோப்புச் சேவை) வால்யூம்களுக்கு சிஎஸ்ஐ ஸ்னாப்ஷாட்டே இல்லை. வெலேரோவில் கோப்பு அளவிலான பேக்கப்தான் வழி. அது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் மவுண்ட் ஆன வால்யூமை மட்டுமே எடுக்கும். ரெப்ளிகா எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பாட் எதுவும் ஓடாமல் வைத்த ஆப் விடுபடும். லட்சக்கணக்கில் சிறு கோப்புகள் இருந்தால் ஏஜெண்ட் மெமரி போதாமல் கொல்லப்படும். லிமிட்டை முன்பே உயர்த்துங்கள்.

வெலேரோவில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை முதல் பேக்கப்புக்கு முன்பே அடைக்க வேண்டும். டேட்டாவைச் சேமிக்கும் அதன் ரெப்போசிட்டரிகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரே டீஃபால்ட் பாஸ்வேர்டுடன் உருவாகின்றன. அதற்குரிய சீக்ரெட்டை உங்கள் சொந்த மதிப்புடன் முன்கூட்டியே மாற்றுங்கள். கிளஸ்டர் சீக்ரெட்களும் வெறும் பேஸ்64 வடிவில் (என்கிரிப்ஷன் இல்லாத குறியீடு) பக்கெட்டில் போய்ச் சேரும். பக்கெட்டைப் படிக்க முடிந்தவர் அவற்றையும் படித்துவிடலாம்.

எதை எடுப்பது

உள்ளமைவு முழுவதும் கிட் (Git) ரெப்போவில், டேட்டாபேஸ் ஒன்றிரண்டு, கமாண்ட் லைன் பழகிய குழு என்றால் வெலேரோ போதும்; லைசன்ஸ் செலவும் இல்லை. பல டேட்டாபேஸ்கள், பல குழுக்கள், மீட்பவர் குபர்நெட்டிஸ் அறியாதவர் என்றால் கேஸ்டன். டேட்டாபேஸ் எழுதுவதைச் சற்று நிறுத்திப் பிடித்து பேக்கப் எடுக்க கேஸ்டனில் கானிஸ்டர் புளூபிரிண்ட்கள் (அதற்கான செயல்முறை வரைவுகள்) உண்டு. வெலேரோவில் அதே வேலைக்கு பாட்டில் ஹுக் (பேக்கப்புக்கு முன்னும் பின்னும் ஓடும் கட்டளை) அனோட்டேஷன்களை நீங்களே எழுத வேண்டும்.

கிளஸ்டரே போய்விட்ட நாளில் வெலேரோ எளிது. புதிய கிளஸ்டரில் அதே பக்கெட்டைக் காட்டினால், பழைய பேக்கப்புகளின் பட்டியல் தானாக வந்து சேரும். மீட்பு முடியும்வரை லொக்கேஷனை ரீட்-ஒன்லி ஆக்கி வைத்தால் எதுவும் மேலெழுதப்படாது. கேஸ்டனில் டிஆர் (பேரிடர் மீட்பு) வசதியைத் தனியாக இயக்கியிருக்க வேண்டும். அதன் பாஸ்ஃபிரேஸும் பழைய கிளஸ்டரின் ஐடியும் கையில் இல்லாமல் கேட்டலாக்கை (பேக்கப்புகளின் பதிவேடு) மீட்க முடியாது. அந்த ஐடி, டீஃபால்ட் என்ற நேம்ஸ்பேஸின் தனி அடையாளமான யுஐடிதான். இன்ஸ்டால் செய்த அன்றே இரண்டையும் கிளஸ்டருக்கு வெளியே எழுதி வையுங்கள்.