டிக்கிள்-டிகே, லாசரஸ், ராக்கெட்: ஜன்னல் கட்ட எது தோது?

எங்கள் தெருப் படிப்பகத்துக்குச் சின்னதாக ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. புத்தகத்தின் பெயர், யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அங்கே இருப்பதோ 2 ஜிபி ரேமோடு மூச்சு வாங்கும் ஒரு பழைய லினக்ஸ் கணினி. ஒரு முழு பிரவுசரையே வயிற்றில் சுமந்து வரும் எலக்ட்ரான் செயலியை அதன் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. பைத்தானில் எழுதலாம்தான். ஆனால் பைத்தானோடு வரும் டிகின்டர் உள்ளுக்குள் டிக்கிள் மொழியின் ஜன்னல் கருவிப்பெட்டியான டிகேயைத்தான் கூப்பிடுகிறது. அதற்கு டிகேயிடமே நேராகப் போய்விடலாமே! அப்படித் தொடங்கி, கடைசியில் அதிகம் பேர் சீண்டாத மூன்று மொழிகளில், திரையில் திறக்கும் ஒரே ஜன்னலை (விண்டோ) கட்டிப் பார்த்தேன்.

முதலில் டிக்கிள். ஜான் ஆஸ்டர்ஹவுட் 1980களின் கடைசியில் பெர்க்லியில் உருவாக்கிய மொழி. பட்டன், பெட்டி போன்றவற்றை வரைவது அதன் டிகே. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்டைப் பயன்படுத்துகிறவர்கள் பார்த்திருக்கும் கிட்-கே இதில் எழுதியதுதான். ஒரு வரியில் பட்டன், அடுத்த வரியில் அதை ஜன்னலில் ஒட்டும் கட்டளை, முடிந்தது. கம்பைல் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஜன்னலிடமே கட்டளை கொடுத்து நிறத்தையும் அளவையும் மாற்றிப் பார்க்கலாம். தகவல்களைச் சேமிக்கும் சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட் முதலில் டிக்கிளுக்கான நீட்சியாகப் பிறந்தது என்பதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலப் பழகும். புத்தகம் சேர்ப்பது, தேடுவது எல்லாம் ஒரே மாலையில் ஓடத் தொடங்கிவிட்டன.

நடுவில் ஒரு பிழை மட்டும் ஒரு மணி நேரத்தைத் தின்றது. டிக்கிளில் நெளிவு அடைப்புக்குறிகளைக் கமென்ட்டுக்குள்ளும் (இயங்காத குறிப்பு வரி) எண்ணுவார்கள். ஒரு செயல்கூறுக்குள் பழைய வரியைக் கமென்ட் ஆக்கும்போது ஒற்றை அடைப்புக்குறி தங்கிவிட்டது. பிழைச் செய்தியோ சம்பந்தமில்லாத வேறு எங்கோ கை காட்டியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படிப்பகத்துக் கணினியில் திறந்தபோதுதான் உண்மையான அடி. ‘மேசை’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ‘ம’வுக்குப் பின்னால் போய் நின்றது. ‘கொ’வில் இருந்த கொம்பும் காலும் எழுத்தின் ஒரே பக்கமாக ஒதுங்கின. அந்த லினக்ஸ் கணினியில் இருந்த டிகே எழுத்துகளை வரிசையாக வரைந்துவிட்டுப் போகிறது. எந்தக் குறி முன்னால் வர வேண்டும், எது சேர்ந்து உருமாற வேண்டும் என்று பார்க்கும் ஷேப்பிங் வேலையைச் செய்வதில்லை. ஆங்கிலத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. விண்டோஸில் இயங்குதளமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் பெரும்பாலும் சரியாக வரும். என் விண்டோஸ் கணினியில் நன்றாக இருந்ததன் ரகசியம் அதுதான்.

அடுத்து லாசரஸ். ஃப்ரீ பாஸ்கல் மொழியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் பணிமேடை (ஐடிஈ), 1999இல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு வர 2012 ஆனது. 1995இல் வந்த, பாஸ்கல் வழிப் பணிமேடையான டெல்பியில் வேலை பார்த்தவர்களுக்குப் பழைய வீட்டுக்குத் திரும்பியது போல இருக்கும். ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு, இரட்டைக் கிளிக் செய்தால் அதற்கான செயல்கூறு திறந்து நிற்கிறது. டேட்டாபேஸோடு இணைந்த கட்டவரிசையையும் அப்படியே இழுத்துப் போடலாம்; கட்டத்துக்குள்ளேயே தட்டச்சு செய்து திருத்தலாம். டிகேயோடு வரும் ட்ரீவியூவில் அது கிடையாது. பட்டியலைக் காட்டும், திருத்த வேண்டுமானால் மேலே ஓர் உள்ளீட்டுப் பெட்டியை நாமே மிதக்கவிட வேண்டும்.

லாசரஸ் எழுத்துகளைத் தானே வரைவதில்லை. லினக்ஸில் ஜிடிகே அல்லது க்யூடி என்ற ஜன்னல் கருவிப்பெட்டிகளிடம், விண்டோஸில் விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும். அதனால் மேசையின் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பாஸ்கலில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது, ஏனென்றால் அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8க்கான (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) தனிச் செயல்கூறு, கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 5 என்கிறது. டிக்கிளும் 5 என்றுதான் சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து! பெயரைப் பாதியில் வெட்டிக் காட்டும் இடத்தில் இதைக் கவனிக்காவிட்டால் புள்ளியில்லாமல் ‘தமிழ’ என்று நிற்கும்.

முதல்முறை கம்பைல் செய்துவிட்டுக் கோப்பின் அளவைப் பார்த்து மிரள வேண்டாம். பிழை தேட உதவும் டீபக் தகவலெல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதை நீக்கினால் சில எம்பிக்கு இறங்கிவிடும். விண்டோஸுக்குக் கொடுப்பதென்றால் எஸ்க்யூலைட் டிஎல்எல் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும்.

ராக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விண்ணுக்குப் போகிற ராக்கெட் அல்ல, டென்னிஸ் மட்டை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. லிஸ்ப் குடும்பத்து மொழி. எழுத்து வரையும் வேலையை, அதற்கென்றே இருக்கும் பாங்கோ என்ற நூலகத்திடம் விடுவதால் தமிழ் அழகாக வருகிறது. புதிய பதிப்புகளில் எழுத்துக்கூட்டங்களை எண்ணும் செயல்கூறும் உண்டு. மூன்றில் அது ஒன்றுதான் ‘தமிழ்’ மூன்றெழுத்து என்று சரியாகச் சொன்னது. அதற்காகவே பிடித்துப்போனது. ஆனால் அந்தப் பழைய கணினியில் ஜன்னல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும் போலிருந்தது. அடைப்புக்குறிகளுக்குள் அடைப்புக்குறி எழுதக் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் போகலாம், படிப்பகத்துக்கு வேண்டாம்.

ஆக, படிப்பகத்தில் இப்போது ஓடுவது லாசரஸில் கட்டியது. ஒரு வேலைக்கு மட்டும் டிக்கிளை விடவில்லை. எஸ்க்யூலைட் இயல்பாக யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். அதில் ‘ன’, ‘ப’வுக்கு முன்னால் வருவதால் கபடியைத் தாண்டிக் கனி முன்னால் போய்விடுகிறது. டிக்கிளில் நம் அகரவரிசையை ஒரு செயல்கூறாக எழுதி, ஒரே வரியில் எஸ்க்யூலைட்டிடம் ஒப்படைத்துவிடலாம். மாதம் ஒருமுறை அச்சடித்து ஒட்டும் புத்தகப் பட்டியல் அந்த ஸ்கிரிப்ட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு ஜன்னலும் தேவையில்லை, கொம்பும் இடம் மாறுவதில்லை.